இரண்டு வாசல் வைத்தவர்

மைசூரில் அவரைப் பற்றி ஒரு குறை சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் சொல்லப் போகிறேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆள் ஒல்லியாக, நல்ல உயரமாக இருப்பார். மூடிய கழுத்துக் கறுப்புக் கோட்டு, தலையில் ஜரிகைப் பேட்டா, நெற்றியில் பளிச்சென்று நாமம், கக்கத்தில் எந்நேரமும் ஒரு குடை. மேல்கோட்டை ஐயங்கார் வம்சம். எத்தனையோ தலைமுறையாகக் கன்னடச் சீமையில் இருந்தும் வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆபீஸில் கன்னடமும் இங்கிலீஷும் தங்குதடையில்லாமல் வரும். எந்தப் பாஷையில் பேசினாலும் குரல் ஒரே குரல். பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பேசுகிறவரைப் போலப் பேசுவார்.

யார் மனசும் நோகக்கூடாது. இதுதான் அவர். இதைத் தாண்டி அவரிடம் நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது.

நான் நகல் குமாஸ்தாவாக அவரிடம் சேர்ந்த முதல் நாளே மைக்கூட்டைத் தட்டி அவர் அங்கவஸ்திரத்தின் மேல் கொட்டிவிட்டேன். வேலை போயிற்று என்று நடுங்கிப்போனேன். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"என் மேலதான் தப்பு ஓய். நான்னா உம்ம கிட்டக்க வந்து நின்னேன். பயப்படாதேயும், வேற மை கொண்டுவரச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் கறையை மடித்து மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தால் என் மனசு நோகுமாம்.

இன்னொன்று. எங்கள் ஆபீஸ் தலாயத், அதாவது இடுப்பில் பித்தளை வில்லை கட்டிய சேவகன், மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் வாசற்படியின் குறுக்கே படுத்துத் தூங்கிவிடுவான். இவர் வெளியே போய்விட்டு வருவார். எழுப்பினால் பாவம், தாண்டினால் அவமரியாதை. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு அவன் தானாக விழிக்கும் வரை நிற்பார். கையில் கையெழுத்தாகவேண்டிய கட்டு இருக்கும். உள்ளே பெஞ்சில் மனுக்காரர்கள் காலையிலிருந்து காத்திருப்பார்கள். ஒரு நாள் அரைமணிக்கு மேல் நின்றதை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். தலாயத் பதறி எழுந்தபோது, "இப்பதான்பா வந்தேன்" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. இப்படியும் ஒரு மேலதிகாரியா என்று அக்காவிடம் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். மடையன் நான். உள்ளே காத்திருந்தவர்களை எண்ணிப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆபீஸுக்கு இங்கிலீஷில் ஒரு முழ நீளத்துக்குப் பேர் இருந்தது. ஜனங்கள் 'ரெண்டு சர்க்கார் ஆபீஸ்' என்றே சொன்னார்கள். மைசூர் மகாராஜா சமஸ்தானம்தான். ஆனால் ரயில் ஓடுகிற நிலமும் ஸ்டேஷன் நிலமும் பெரிய சர்க்காரின், அதாவது வெள்ளைக்காரர்களின் அதிகாரத்தில் இருந்தன. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். பிளேக் வந்த வருஷம், வேலியை ஒட்டியிருந்த எங்கள் தெருவில் எலிகள் விழுந்து செத்தன. இரண்டு சர்க்கார் ஆட்களும் சேர்ந்து வந்து, ஓட்டைப் பிரித்து, சுவரை இடித்து, மருந்தைத் தெளித்துவிட்டுப் போனார்கள். தெரு முழுவதையும் தரைமட்டமாக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. எந்த சர்க்கார் ஆள் முதலில் கடப்பாரை போடுவது என்று அப்போது யாரும் யாரையும் கேட்கவில்லை. உடைப்பதில் அப்படி ஓர் ஒற்றுமை.

சேர்ந்து உடைத்ததால் சேர்ந்தே கட்டிக்கொடுப்பது என்று தீர்மானம் ஆனது. வீடு இழந்தவர்கள் திரும்பக் கட்டிக்கொள்ள ஒரு நிவாரண நிதி. பாதி அரண்மனை சர்க்கார், பாதி பெரிய சர்க்கார். பணம் இரண்டு கஜானாக்களிலும் தயாராக இருந்தது. நானே கடிதங்களை நகல் எடுத்தவன், எனக்குத் தெரியும். இரண்டு தரப்பு அதிகாரிகளும் ஒரே அறையில் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டின் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர்களைக் கூட்டி உட்கார வைக்கிற காரியதரிசியாக நம்முடையவரைப் போட்டார்கள். எல்லோருக்கும் இணக்கமானவர் என்றுதான் போட்டார்கள்.

இடிபட்ட வீடுகளில் ஒன்று என் அக்காவுடையது. நாங்கள் கொள்ளேகால் பக்கத்து ஜனம். அத்தான் ரயில் பாதை வேலைக்கு வந்து, இங்கேயே இருந்து, இங்கேயே செத்துப்போனார். அக்கா ஸ்டேஷன் கூலிகளுக்கு இட்லி போட்டு விற்றே இரண்டு அறையும் ஓட்டுக் கூரையுமாக ஒரு வீடு எழுப்பினாள். என்னைப் படிக்க வைத்ததும் அந்த இட்லிதான். இடித்தபோது அவள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள், சர்க்கார் சொன்ன அளவுப்படி கல் அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்ப வேண்டும். தவறினால் மனை சர்க்காருக்குச் சேரும். தை மாதக் கடைசியில் இடித்தார்கள். ஆடி மாதக் கடைசி நாள் கெடு.

நானும் அக்காவும் ஊருக்கு வெளியே, சாமுண்டி மலை பார்த்த மேட்டில், மூங்கில் தட்டி ஷெட்டில் இருந்தோம். தட்டி தீப்பிடிக்கும் என்று அங்கே அடுப்புப் போட்டுக் கடை நடத்தக்கூடாது. பாத்திரமெல்லாம் மருந்துத் தண்ணீரில் போய்விட்டது. என் சம்பளத்தில் ஒரு சுவர்கூட எழும்பாது. பிளேக் தெருக்காரனுக்குக் கடன் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. நிவாரணப் பணம் வந்தால் மனை. வராவிட்டால் மனையும் போச்சு, கடையும் போச்சு. ஸ்டேஷன் பக்கத்தில் அந்த இடம் போய்விட்டால் அவளிடம் இட்லி வாங்க யார் நடந்து வருவார்கள்?

பங்குனியில் முதல் கூட்டம். ஆபீஸ் ஒரு பழைய வீடு, ஒரே வாசல். பெரிய சர்க்கார் தரப்பு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை குதிரையை விட்டு இறங்கி வந்தார். அரண்மனை அதிகாரி கோச்சு வண்டியில் வந்தார். இரண்டு பேரும் வாசலில் ஒரே நேரத்தில் எதிர்ப்பட்டார்கள். ஒரு நிமிஷம் இருவரும் நின்றார்கள். பிறகு துரை விறுவிறுவென்று முதலில் நுழைந்துவிட்டார். அரண்மனை அதிகாரி தலைவலி என்று சொல்லி அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தத் தலைவலி ஒரு மாதம் தீரவில்லை.

வேறு யாராவது காரியதரிசியாக இருந்திருந்தால், "ஐயா, இங்கே ஒரு தெரு ஜனம் தட்டியில் கிடக்கிறது, தலைவலியோடு வந்தாவது கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டிருப்பார். இவர் கோட்டை மாட்டிக்கொண்டு தினம் அரண்மனை அதிகாரி வீட்டுக்குப் போய்த் தலைவலி விசாரித்தார். அதே நாள் துரையின் பங்களாவுக்கும் போய், நடந்ததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையே என்றும் விசாரித்தார். திரும்பி வந்து என்னிடம் கடிதம் எழுதச் சொன்னார். ஒருவருக்கு இங்கிலீஷில், மற்றவருக்குக் கன்னடத்தில். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வரிகள் இருக்க வேண்டும்.

"ஏனுங்க சாமி? ரெண்டு பேரும் கடுதாசிய பக்கத்துல வெச்சு எண்ணவா போறாங்க?"

"எண்ணிட்டா? ஒருத்தருக்குக் கொறச்சலா எழுதிருக்கான்னு தோணிடப்படாது பாரும். பெரிய மனுஷாளுக்கு மனசு சின்ன விஷயத்துல நோகும்."

கன்னடத்தில் இரண்டு வரி கூடுதலாக வந்தது. இங்கிலீஷ் கடிதத்தில் சீதோஷ்ணம் பற்றி இரண்டு வரி சேர்த்தோம். ஒரு நாள் முழுக்க இதற்குப் போயிற்று. நானும் அழகான கையெழுத்தில் அதை எழுதி, அவர் பாராட்டியதில் குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்தது, கையெழுத்து. மேலே யார், கீழே யார்? பெரிய சர்க்கார் மேலே என்றால் மகாராஜாவுக்குக் குறைச்சல். மகாராஜா மேலே என்றால் துரை ஒத்துக்கொள்ள மாட்டார். இருவரும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்று இவர் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கிருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! பிறகு, இங்கிலீஷ் இடமிருந்து வலமாகப் படிப்பதாயிற்றே, இடப்பக்கம் யார் என்று ஒரு கவலை வந்தது. ஒற்றைப்படைக் காகிதத்தில் ஒருவர் இடம், இரட்டைப்படைக் காகிதத்தில் மற்றவர் இடம் என்று தீர்த்தார். எல்லாக் காகிதங்களையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. சித்திரை போய் வைகாசியும் போயிற்று.

இதற்கிடையில் அக்கா ஒரு நாள் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். ஷெட்டில் முதல் மழை ஒழுகிய மறுநாள். முந்தானையை வரிந்து செருகிக்கொண்டு, நான்கு மைல் நடந்து, சண்டைக்குத் தயாராக வந்தாள். என் அக்கா ரயில்வே கூலிகளையே நடுங்க வைத்தவள். நான் பயந்துபோய்ப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவர் எழுந்து நின்றார். ஒரு இட்லிக்காரி வந்ததற்குக் காரியதரிசி எழுந்து நின்றார்!

"வாங்கோம்மா, வெயில்ல நடந்தே வந்தேளா? மொதல்ல உக்காருங்கோ. ஏன்பா, அம்மாவுக்குத் தீர்த்தம் கொண்டுவா, ஒரு துண்டு வெல்லமும் வை."

அக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வரிந்து செருகிய முந்தானை தானாக இறங்கியது.

"சாமி, மழ புடிக்கறதுக்குள்ள என்ற வூட்டுக்கு அஸ்திவாரமாச்சும் போடோணுங்க. ஆடி தாண்டுனா மனை போயிருமுங்க."

"தெரியும்மா. உங்க கஷ்டம் என் கஷ்டம். ராத்திரி எனக்குத் தூக்கமே வரலே. ஆயிடும்மா. ஸ்வல்ப பொறுத்துக்கோங்கோ. ரெண்டு பெரியவா சேர்ந்து பண்ற காரியம், நம்ம அவசரத்துல யார் மனசும் நோகப்படாது பாருங்கோ."

இட்லி எப்படிப் போடுவாள், எத்தனை பேர் சாப்பிடுவார்கள், அத்தான் எப்படிச் செத்தார் என்றெல்லாம் கேட்டார். பொய்க்குக் கேட்கவில்லை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அக்கா திரும்பி நடக்கும்போது, "தங்கமான மனுசன்டா தம்பி" என்றாள். அந்த மேட்டு ஷெட்டுகளில் இருந்த தெருக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராகச் சண்டைக்குப் போய், வெல்லம் தின்றுவிட்டு, வாழ்த்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். வயிறெரிந்து நான்கு பேர் ஒன்றாகப் போய் வாசலில் நின்று கத்தியிருந்தால் அதிகாரிகளுக்கு உறைத்திருக்கும். கத்தவே விடாமல் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை என்னை அருகே கூப்பிட்டார்.

"ஓய், உம்ம அக்கா காகிதத்தை அடுக்குல கடைசியா வைச்சுடலாமா? ஆபீஸ் குமாஸ்தாவோட அக்கான்னு முன்னால எடுத்தா, மத்தவா மனசு நோகும். உமக்குத் தெரியாததா?"

"சரிங்க சாமி" என்றேன். நியாயமான மனிதர்கள் நாங்கள் இருவரும் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அக்காவின் காகிதத்தை என் கையாலேயே எடுத்து அடியில் வைத்தேன்.

கையெழுத்து தீர்ந்தது, வாசல் தீரவில்லை. இரண்டு பெரிய மனிதர்களும் ஒரே வாசலில் எப்படி நுழைவார்கள்? பத்து நாள் யோசித்தார். ஆனி பிறந்ததும் முகம் மலர வந்து சொன்னார்: "இன்னொரு வாசல் வைச்சுடலாம் ஓய்!"

அவர் சொன்னதும் நான் சிரித்தேன், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று. விளையாட்டில்லை. தெற்குச் சுவரை உடைத்து, பழைய வாசலின் அதே உயரம், அதே அகலத்தில் ஒரு புது வாசல். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வாசல் வழியாக நுழைவார்கள். இரண்டு தலாயத்துகள் இரண்டு தட்டில் எலுமிச்சம்பழமும் மாலையும் வைத்துக்கொண்டு ஒரே நொடியில் மரியாதை செய்வார்கள். தெருக்காரர்களின் வீடுகளுக்கென்று நிதிக் கணக்கில் முன்கூட்டியே தேக்கு மரம் வந்து இறங்கியிருந்தது. அதில் நல்ல மரமாக நான்கு எடுத்துக்கொண்டார்கள். தெருவுக்கென்று வைத்த தச்சன்தான் இதற்கும் தச்சன்.

சுவரை உடைத்தாயிற்று. நிலை வைக்க நாள் பார்க்கும் நேரம் வந்தது. அரண்மனை அதிகாரி கன்னடக்காரர்; அவருக்கு ஆஷாட மாதத்தில் நிலை வைக்கக்கூடாது. அது சந்திரனைப் பார்த்து வருகிற மாதம். அந்த வருஷம் ஆனி நடுவில் தொடங்கி ஆடி நடுவில் முடிந்தது. சரி, ஆஷாடம் முடிந்ததும் வைத்துவிடலாம் என்று நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கெடுவுக்கு அப்போதும் பத்துப் பதினைந்து நாள் மிச்சமிருக்கும். தச்சன் தமிழன். ஆஷாடம் முடிந்த மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏன்பா, இப்ப வைக்கலாமோன்னோ?"

"ஆடிங்களே சாமி" என்று தச்சன் தலையைச் சொறிந்தான். "பரவாயில்லீங்க. நீங்க சொன்னா வெச்சுப்போடறனுங்க."

"வேண்டாம்பா. உன் மனசு ஒப்பலே. மூஞ்சியே சொல்றது. ஆவணி பொறக்கட்டும்."

ஆஷாடமும் பார்த்து ஆடியும் பார்த்த ஒரே கட்டடம் மைசூர் ராஜ்யத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். கன்னடக்காரன் ஒன்றைப் பார்ப்பான், தமிழன் ஒன்றைப் பார்ப்பான். இரண்டையும் பார்த்தால் யார் மனசும் நோகாது. மழை மட்டும் எதையும் பார்க்காமல் கொட்டியது. ஆபீஸ் தெற்குச் சுவரில் வாயைப் பிளந்த ஓட்டைக்குக் கித்தான் கட்டியிருந்தது. எங்கள் ஷெட்டுக்கு அந்தக் கித்தான்கூட இல்லை.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில் நான் வாய்விட்டே கேட்டேன். முதலும் கடைசியுமாகக் கேட்டது அதுதான்.

"சாமி, கெடுவையாவது தள்ளி வெக்கச் சொல்லுங்க. ஒரு காகிதம் போதுமுங்க."

"கெடுவைத் தள்ளறதுன்னாலும் ரெண்டு பேரும் கூடி உக்காரணுமே ஓய்" என்று பரிதாபமாகச் சொன்னார். "வாசல் இல்லாம எப்படிக் கூடறது?"

நான் என்ன செய்தேன்? போய் என் இடத்தில் உட்கார்ந்து நகல் எடுத்தேன்.

ஆவணி பிறந்த ஐந்தாம் நாள் புது வாசலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார்கள். மணி அடித்தது. துரை வடக்கு வாசலில், அரண்மனை அதிகாரி தெற்கு வாசலில். ஒரே நேரத்தில் நுழைந்தார்கள், ஒரே நொடியில் மாலை விழுந்தது. எங்கள் காரியதரிசி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கைகூப்பினார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இருந்திருக்காது.

உட்கார்ந்ததும் முதல் கேள்வியாகத் துரை கேட்டார்: கெடுவுக்குள் யார் யார் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்? சொந்தப் பணம் இருந்தவர்கள் எழுப்பியிருந்தார்கள். நிவாரணம் தேவைப்படாத அவர்களுக்கு நிவாரணம் கையெழுத்தாயிற்று. மற்றவர்களுக்கு மனையே இல்லை. மனை இல்லாதவர்களுக்கு வீடு கட்ட எதற்குப் பணம்? அது நியாயம்தான் என்று அரண்மனை அதிகாரியும் தலையசைத்தார். மிச்சப் பணம் சரிபாதியாக இரண்டு கஜானாவுக்கும் திரும்பிப் போயிற்று. என் அக்கா காகிதம் அடுக்கில் கடைசி. அதுவரை அவர்கள் வரவே இல்லை.

அதோடு விட்டார்களா? அடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னான். பிளாட்பாரத்தில் துரையும் அரண்மனை அதிகாரியும் ஒரே குடைக்குக் கீழே நின்றிருந்தார்கள். கெடு தாண்டிய மனைகளில் சரக்குக் கிடங்கு கட்டுவதாக முடிவு. வாடகை இரண்டு சர்க்காருக்கும் பாதிப் பாதி. ஒரே ஒரு காகிதம். கையெழுத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. யாரிடம் முதலில் நீட்டுவது என்று தெரியாமல் தடுமாறினேன்.

"எல்லாதரூ ஆகலி, கொடப்பா" என்றார் அரண்மனை அதிகாரி. எங்கேயானால் என்ன, கொடு என்று அர்த்தம். துரை கீழே போட்டார், அரண்மனை அதிகாரி மேலே போட்டார். சரக்கு மூட்டையின் மேல் காகிதத்தை வைத்து, நின்றபடியே. வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அத்தனை மாதமும் ஒத்துழைக்கத் தெரியாமலா இருந்தார்கள்? தங்களுக்கு ஆதாயம் என்றால் ஒரு குடை போதும். எங்கள் தெருவுக்கு என்றால்தான் இரண்டு வாசல் வேண்டியிருந்தது!

நான் கொதித்துப்போய் ஆபீஸுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். ஒரு தடவையாவது வரும் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரும் இவ்வளவு சுமுகமா ஆயிட்டாளே, நம்ம பிரயாசை வீண் போகலே ஓய்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்தார். அந்தச் சேற்றில், அந்த மேட்டில், கோட்டும் பேட்டாவுமாக, ஒவ்வொரு தட்டியாக ஏறி இறங்கினார். எங்கள் ஷெட்டுக்கு முன்னால் வந்து செருப்பைக் கழற்றினார். அக்கா பதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, நான் உங்களுக்குப் பெரிய அபசாரம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடுங்கோ."

இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அக்கா தன் வீடு போனதை மறந்து அவரைத் தேற்றினாள்.

"அழுவாதீங்க சாமி. நீங்க என்ன பண்ணுவீங்க? என்ற தலையெழுத்து."

அவர் போன பிறகும் நெடுநேரம் அவளுக்கு அதே பேச்சு. எவ்வளவு பெரிய மனிதர், சேற்றில் நடந்து வந்தாரே என்று. எனக்கோ அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அழுது தீர்த்துக்கொண்டு மனசு லேசாக அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் சேற்றில் இருந்தோம்.

அந்த மாதக் கடைசியில் அவர் சொல்லி நான் எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. இரண்டு அரசாங்கங்களும் பரஸ்பர மரியாதையோடு நிவாரணக் காரியத்தை நிறைவேற்றியது மற்ற ராஜ்யங்களுக்கெல்லாம் முன்மாதிரி என்று. என் கையெழுத்திலேயே மிக அழகான கையெழுத்து அதுதான். பிறகு நான் வேறு ஆபீஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

மனை இருந்த இடத்தில் தகரக் கூரைபோட்ட கிடங்கு எழுந்தது. அக்கா மண்டிப் பக்கம் ஒருவர் சாப்பாட்டுக் கடையில் கூலிக்கு மாவாட்டப் போனாள். சொந்தக் கடைக்காரியாக இருந்தவள், அதன் பிறகு கடைசி வரை இன்னொருவர் கடையின் பின்கட்டில்தான் இருந்தாள். தோள்பட்டை போயிற்று. ஒரு வார்த்தை யாரையும் திட்டவில்லை.

பல வருஷம் கழித்து அவர் இறந்துபோனார். பிற்பகலில் ஊர்வலம் அக்கா வேலை செய்த மண்டித் தெரு வழியாகப் போயிற்று. அவ்வளவு கூட்டம் சாதாரண உத்தியோகஸ்தருக்கு நான் பார்த்ததில்லை. இரண்டு சர்க்காரிலிருந்தும் மாலை வந்திருந்தது. அக்கா மாவுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். கிட்டே போகக்கூடாது என்பதால் தெரு முனையிலேயே நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மனை போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"யாருக்குக்கா அழுவற? உன்ற மனைய முழுங்குனதே அந்த ஆளுதான். ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துப் பாத்து, ஆஷாடம் பாத்து, ஆடி பாத்து, உன்ற கெடுவ ஓட்டிப்போட்டாரு. அது தெரியாம இன்னிக்கு வரைக்கும் தங்கம் தங்கம்ங்கறியே!"

அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியாமயா இருக்கறன்? அன்னிக்கே தெரியும்டா. அவரால போனதுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்த மனுசன் வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. துர கேக்கல. அரமனக்காரரு கேக்கல. நீயுந்தான் தெனம் அந்த ஆபீசுக்குப் போயி உக்காந்து எழுதிட்டு வந்த. என்ற காயிதத்த அடியில வெச்சதா நீயே ஒரு நாள் சொன்னயே தம்பி. நீ கேட்டயா?"

அவள் கேட்டுவிட்டு, மாவு புளித்துவிடும் என்று கடைக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கே பின்னால் ஓடிப் போய்க் கேட்டிருக்கலாம். அதற்கப்புறம் அவள் இருந்த வருஷங்களில் என்றைக்கு வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன், இதோ இப்போதும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.